பகலில் முடிந்தது இரவில் ஏன் முடியவில்லை?



ரமளான் மாதத்தில் ஏதேனும் ஒரு மாலை, ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு பள்ளிவாசல் வாசலில் நின்று பாருங்கள். மஃரிப் பாங்கு ஒலிக்கிறது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர், ஒரு குவளை நோன்புக் கஞ்சி. பிறகு ஜமாஅத்தாகத் தொழுகை. இமாம் சலாம் கொடுத்ததும், பின் சுன்னத்துக்குக்கூட நிற்காமல் சிலர் அவசரமாகச் செருப்பைத் தேடுகிறார்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட லைட்டர் கைக்குக் கை மாறுகிறது. சுமார் 13 மணி நேரம் அல்லாஹ்வுக்காகப் பசியையும் தாகத்தையும் தாங்கிய அந்த வாயிலிருந்து முதல் புகை வெளியே வருகிறது.

அவர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் வேறு யாரும் அல்லர். நம் அண்ணன்மார், நம் தம்பிமார், நம்மோடு ஸஃபில் தோளோடு தோள் நிற்பவர்கள். ஜும்ஆ மேடையில் ஏறிப் புகைப்பவர்களை ஏசிவிட்டு இறங்குவது எளிது. நாமும் பல ஆண்டுகள் அதைத்தான் செய்தோம். அதனால் எவரும் விட்டதாகத் தெரியவில்லை. பள்ளிவாசலுக்கு முன்னால் புகைத்த இளைஞர்கள் பின் சந்துக்குப் போய்ப் புகைத்தார்கள். அவ்வளவுதான்.

சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் ஓர் இளைஞரிடம் ஒரு முறை, "ஏன் தம்பி, இதை விட முடியவில்லையா?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்று வரை நம் காதில் நிற்கிறது. "விட முடியலைன்னு யார் சொன்னது ஹஜ்ரத்? நோன்புல தினமும் விடுறேன். மக்ரிபுக்கு அப்புறம்தான் முடியலை."

இந்தத் தலையங்கம் அந்தத் தம்பிக்கு எழுதும் பதில். அவரைப் போன்ற எல்லாருக்கும் எழுதும் பதில்.

தினமும் வெட்டி தினமும் மூடும் கிணறு

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். புகையிலையில் மனிதனை அடிமையாக்கும் பொருளுக்கு நிக்கோட்டின் என்று பெயர். புகையை உள்ளே இழுத்த 10, 20 விநாடிகளுக்குள் அது மூளையை எட்டிவிடுகிறது. அங்கே ஒரு சிறு இன்பத்தைத் தூண்டுகிறது. மூளை அந்த இன்பத்துக்குப் பழகிவிடுகிறது. பிறகு அது கிடைக்காதபோது எரிச்சல், தலைவலி, கவனமின்மை, தூக்கமின்மை எல்லாம் வருகின்றன. "டென்ஷன் குறைய அடிக்கிறேன்" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்களே, அந்த டென்ஷனில் பெரும்பகுதியை உண்டாக்குவது முந்தைய சிகரெட்தான்!

இரத்தத்தில் உள்ள நிக்கோட்டின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகிறது. அப்படியானால் சஹர் நேரத்தில் கடைசி சிகரெட்டை அணைத்தவரின் இரத்தத்தில் மஃரிப் நேரத்தில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான்! புகையோடு உள்ளே போன கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் அதற்குள் பெருமளவு வெளியேறிவிடுகிறது.

புகையை விட்டவருக்கு வரும் தொல்லைகள் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கின்றன. அதன் பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெருமளவு அடங்கிவிடுகின்றன என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதாவது ஏற்றம் மூன்று நாள். நோன்பாளி அந்த ஏற்றத்தில் தினமும் 13 மணி நேரம் ஏறுகிறார். தலைவலியைத் தாங்குகிறார், எரிச்சலைத் தாங்குகிறார். மாலையில் ஒரே ஒரு சிகரெட்டில் அடிவாரத்துக்கே வந்து விழுகிறார். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து ஏறுகிறார். இப்படி முப்பது நாள்!

நம் மாவட்டத்து மானாவாரி நிலத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இது புரியும். பாறை வரை தோண்டிவிட்டு, ஊற்று வருவதற்கு முன் மாலையில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மறுநாள் காலையில் அதே இடத்தில் திரும்பவும் கடப்பாரையை ஓங்குகிறவனை என்னவென்று சொல்வோம்? கஷ்டம் முழுவதும் அவனுக்கு. தண்ணீர் ஒரு குடம்கூட இல்லை.

எனவே அந்தத் தம்பிக்கு நாம் சொல்வது இதுதான். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. முப்பது நாளும் அதை நிரூபித்துவிட்டீர்கள். நீங்கள் தாண்ட வேண்டியது பகலை அல்ல. மஃரிபுக்கும் தூக்கத்துக்கும் இடையில் உள்ள நான்கைந்து மணி நேரத்தை. அப்படி மூன்று இரவுகளைத் தாண்டிவிட்டால் ஏற்றம் முடிந்தது. ரமளான் வரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. இந்த வாரத்திலேயே ஒரு நாளை முடிவு செய்யலாம்.

ஒரு நாடே விட்டது, பிறகு?

ஒரே நாளில் விடுவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு வரலாறு ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1890இல் ஈரான் மன்னர் நாசிருத்தீன் ஷா, அந்நாட்டின் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் 50 ஆண்டுகளுக்கு ஒரு பிரிட்டிஷ்காரருக்கு ஏகபோக உரிமை கொடுத்தார். விவசாயியும் கடைக்காரரும் ஓர் அந்நியக் கம்பெனியின் தயவில் வாழ வேண்டிய நிலை வந்தது. பஜார் வியாபாரிகள் கொதித்தார்கள். ஆலிம்கள் அவர்களோடு நின்றார்கள். 1891 டிசம்பரில், ஷியா பிரிவினரின் மிகப் பெரிய மார்க்க அறிஞரான மிர்சா ஹசன் ஷீராஸி பெயரில் ஒரு ஃபத்வா பரவியது. புகையிலையைத் தொடக் கூடாது என்பதே அது.

என்ன நடந்தது தெரியுமா? கடைகள் மூடப்பட்டன. ஹுக்காக்கள் உடைக்கப்பட்டன. மன்னரின் அரண்மனைக்குள் இருந்த பெண்களும் பணியாட்களும்கூடப் புகைக்க மறுத்தார்கள். சில வாரங்களில் மன்னர் பணிந்தார். 1892 தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்தானது. கம்பெனிக்கு 5 லட்சம் பவுன் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. ஆலிம்களும் வியாபாரிகளும் ஒன்று சேர்ந்தால் எதைச் சாதிக்கலாம் என்பதற்கு இது ஒரு பெரும் சான்று.

ஆனால் இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது? ஒப்பந்தம் ரத்தானதும் தடையும் நீக்கப்பட்டது. மக்கள் மறுபடியும் புகைக்கத் தொடங்கினார்கள்! ஒரு பேரரசின் கம்பெனியை விரட்டியவர்களால் அந்த இலையை விரட்ட முடியவில்லை. காரணம் என்ன? அவர்கள் விட்டது ஒப்பந்தத்துக்காக. ஒப்பந்தம் போனதும் விட்டதற்கான காரணமும் போய்விட்டது.

நம் நோன்பாளியின் நிலையும் இதுதானே! அவர் விடுவது நோன்புக்காக. நோன்பு திறந்ததும் காரணம் முடிந்துவிடுகிறது. பெருநாள் பிறை தெரிந்ததும் முழுவதுமாக முடிந்துவிடுகிறது. எதற்காக விடுகிறோம் என்ற நிய்யத்தில் முடிவுத் தேதி இருந்தால், பழக்கம் அந்தத் தேதிக்காகக் காத்திருக்கும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"மக்ரூஹ்தானே ஹஜ்ரத், ஹராம் இல்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. அது கீழை நாடுகளுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். எனவே மத்ஹபுகளின் இமாம்கள் காலத்தில் இப்படி ஒரு பொருளே அவர்கள் முன் வரவில்லை. பிற்கால ஆலிம்கள்தாம் இதைப் பற்றிப் பேசினார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆட்சியாளர்களும் தங்கள் பங்குக்குத் தடை போட்டுப் பார்த்தார்கள். மொகலாய மன்னர் ஜஹாங்கீர் 1617இல் புகைப்பதைத் தடை செய்தார். துருக்கியின் சுல்தான் நான்காம் முராத் 1633இல் மரண தண்டனையே விதித்தார். எதுவும் நிலைக்கவில்லை.

அன்றைய ஆலிம்களுக்கு வாய் நாற்றமும் வீண் செலவும் தெரிந்தன. நுரையீரலுக்குள் நடப்பது தெரியாது. 1950இல்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. தீங்கு தெளிவான பிறகு தீர்ப்பும் மாறத் தொடங்கியது. 1995இல் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழுவும், 2010இல் இந்தோனேசியாவின் முஹம்மதிய்யா அமைப்பும் புகைப்பதை ஹராம் என்று அறிவித்தன. இன்றும் மக்ரூஹ் என்று சொல்லும் ஆலிம்கள் இருக்கலாம். ஆனால் இது உடலுக்கு நல்லது என்று இன்று எந்த ஆலிமும் சொல்வதில்லை. தன்னைத் தானே அழித்துக்கொள்வதையும் பிறருக்குத் தீங்கு செய்வதையும் மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வீட்டுக்குள் ஒருவர் விடும் புகையை மனைவியும் கைக்குழந்தையும் சேர்ந்துதானே சுவாசிக்கிறார்கள்?

தவ்பாவுக்கு மூன்று நிபந்தனைகளை உலமாக்கள் சொல்வார்கள். செயலை விடுவது, செய்ததற்காக வருந்துவது, இனி ஒருபோதும் அதற்குத் திரும்புவதில்லை என்று உறுதி கொள்வது. நம்மவர்களில் பலர் முதல் இரண்டையும் வருடந்தோறும் செய்கிறார்கள். விடுபட்டுப்போவது மூன்றாவதுதான். நிரந்தரமாக விடுவது என்பது அந்த மூன்றாவது நிபந்தனை.

ஒரே சாலையில் இரண்டு வாசல்கள்

பெங்களூரில் நம் ஊரின் பெயரைத் தாங்கி ஒரு சாலை இருக்கிறது, ஓசூர் ரோடு. ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ் ஏறினால் சுமார் 35 கிலோமீட்டர். அந்தச் சாலையில் அடுத்தடுத்து இரண்டு பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஒன்று கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை. விடுதலைப் போராட்ட வீரரும் நேரு அமைச்சரவையில் இருந்தவருமான ரஃபி அஹ்மத் கித்வாய் அவர்களின் பெயரால் 1973 முதல் இயங்கி வருகிறது. நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த வாசல் தெரியும். வாயிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் நோயைச் சுமந்துகொண்டு, கையில் எக்ஸ்ரே உறையோடு காத்திருந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் புகையிலையால் ஆண்டுக்கு சுமார் 13.5 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிகரெட் மட்டுமல்ல, பீடியும், ஹான்ஸும், குட்காவும் சேர்ந்த கணக்கு இது.

மற்றொன்று நிம்ஹான்ஸ். மனநல மருத்துவமனை என்று மட்டுமே நம் மக்களுக்குத் தெரியும். ஆனால் போதைப் பழக்கங்களிலிருந்து விடுவிப்பதற்கென்றே அங்கு தனிப் பிரிவு இருக்கிறது. புகையிலையை விட விரும்புவோருக்கு மத்திய அரசு 2016இல் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை, 2018 முதல் அங்கிருந்தும் இயங்குகிறது. தென்னிந்திய மொழிகளில் ஆலோசனை சொல்கிறார்கள், தமிழிலும் பேசலாம். எண் வேண்டுமா? எங்கும் தேட வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் உள்ள சிகரெட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 1800 11 2356. படத்தைப் பார்க்கக் கூசி நாம் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அதே இடத்தில்தான் இந்த எண்ணும் இருக்கிறது.

ஒரே சாலையில் இரண்டு வாசல்கள். எந்த வாசலுக்குப் போகப் போகிறோம் என்பதை இன்று நாமே முடிவு செய்யலாம். காலம் கடந்தால் அந்த முடிவு நம் கையில் இருக்காது.

"இத்தனை வருடம் அடித்தாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்று நாற்பது வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2004இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்த 10 ஆண்டையும், 40இல் விட்டவர்கள் 9 ஆண்டையும், 50இல் விட்டவர்கள் 6 ஆண்டையும், 60இல் விட்டவர்கள்கூட 3 ஆண்டையும் திரும்பப் பெற்றார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில்தான் இருக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் அதே மார்க்கம்தானே!

எப்படி விடுவது?

இளைஞர்களே! யாருடைய உதவியும் இல்லாமல் தானாக விட முயல்பவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தாம் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிலைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. உதவி கேட்பது கோழைத்தனம் அல்ல. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பது போன்றதுதான் இதுவும்.

ஒரு நாளைக் குறியுங்கள். வீட்டாரிடமும் உங்களோடு புகைக்கும் நண்பர்களிடமும் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். பாக்கெட், லைட்டர், ஆஷ்டிரே எல்லாவற்றையும் அதற்கு முந்திய இரவே வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். 'அவசரத்துக்கு ஒன்று' என்று ஒளித்து வைத்தவர் இன்னும் விடவில்லை என்றே பொருள்.

புகைக்க வேண்டும் என்ற வேட்கை அலை போல வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தணிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்துக்கு என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். எழுந்து போய் ஒளுச் செய்யுங்கள். மிஸ்வாக்கை வாயில் வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடியுங்கள். பத்து நிமிடம் நடங்கள். அதற்குள் அலை கடந்துவிடும்.

எந்த இடத்தில் கை தானாகப் பைக்குள் போகிறது என்பதைக் கவனியுங்கள். ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வரும் நேரமா? டீக்கு முன்பா? லாரியை ஓரம் கட்டியதுமா? பிரியாணி சாப்பிட்ட பிறகா? அந்த நேரங்களை மட்டும் முதல் மூன்று வாரம் மாற்றி அமையுங்கள். டீக்கடையையே மாற்றுங்கள். தராவீஹ் முடிந்து தெருமுனையில் நிற்கும் கூட்டத்தோடு நிற்காமல் நேராக வீட்டுக்குப் போங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் புகைத்தவர்கள் மருத்துவரிடம் கேட்டு நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்தலாம். 2 மில்லிகிராம் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. நோன்பு நாட்களில் சூயிங்கம் மெல்வது நோன்பை முறிக்கும் என்பதால் இரவில் மட்டும் பயன்படுத்த வேண்டும். முன்பே சொன்னோம் அல்லவா, இரவுதான் கடினம். மருந்தும் அந்த நேரத்துக்கே பொருந்துகிறது.

சிகரெட்டை விட்டுவிட்டு ஹான்ஸையும் கூல் லிப்பையும் உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்வது விடுவது ஆகாது. ஒரு கடனை அடைக்க வேறொரு வட்டிக்காரனிடம் போவது போன்றது அது. இ-சிகரெட் என்னும் வேப்பும் அப்படியே. அதை இந்தியாவில் விற்பதே 2019 முதல் குற்றம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தவறிவிட்டால்? ஒரு சிகரெட் புகைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். 'எல்லாம் போச்சு' என்று முழு பாக்கெட்டையும் வாங்காதீர்கள். அந்த நிமிடமே திரும்பி வாருங்கள். தவ்பாவின் வாசல் ஒரு முறை மட்டும் திறக்கும் வாசல் அல்ல.

செலவையும் கணக்குப் பாருங்கள். ஒரு சிகரெட் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்குப் பத்து என்றால் 150 ரூபாய். ஆண்டுக்கு 54,750 ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தில் இது எத்தனை பங்கு? ஒரு தங்கையின் படிப்புச் செலவு, வாப்பாவின் மருந்துச் செலவு, ஒரு சிறு கடைக்கு அட்வான்ஸ். இவற்றில் எது புகையாகப் போகிறது என்று ஒவ்வொருவரும் தன் வீட்டைப் பார்த்துச் சொல்லட்டும்.

வியாபாரிகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை!

நெடுஞ்சாலை ஓரத்திலும் பஸ் நிலையத்திலும் தொழிற்பேட்டை வாசல்களிலும் நம் சகோதரர்களின் டீக்கடைகளும் பேக்கரிகளும் பெட்டிக்கடைகளும் ஏராளம். கல்லாவுக்கு மேலே பிஸ்மில்லாஹ் எழுதிய பலகை. அதன் கீழே சிகரெட் அடுக்கு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். சொல்லாமல் விட்டால் நாளை மறுமையில் நமக்கு வருத்தம் வரும்.

சட்டத்தையாவது முதலில் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி 18 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடங்களில் புகைப்பதற்கான தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அபராதம் 200 ரூபாய் வரை. கர்நாடகம் இன்னும் முன்னே போயிருக்கிறது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த அம்மாநிலத் திருத்தச் சட்டப்படி வாங்குபவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சிகரெட்டைச் சில்லறையாக ஒன்றிரண்டாக விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 1,000 ரூபாய் வரை.

ஆக, அத்திப்பள்ளியில் ஒரு 19 வயதுப் பையனுக்கு சிகரெட் கொடுத்தால் குற்றம். சில நிமிட தூரத்தில் ஜூஜூவாடியில் கொடுத்தால் குற்றமில்லை! அந்தப் பையனின் நுரையீரல் மாநில எல்லை பார்த்தா கெடுகிறது? நம் கடைக்காரர்கள் எந்தச் சட்டத்தைப் பின்பற்றுவது? இரண்டில் எது பிள்ளைகளைக் காக்கிறதோ அதைப் பின்பற்றுவோம். நம் அரசு சட்டம் போடும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரே நாளில் அடுக்கைக் காலி செய்யுங்கள் என்று சொல்லவில்லை. "சிகரெட்டுக்கு வருகிறவன்தான் பாய், டீயும் குடிக்கிறான்" என்று நீங்கள் சொல்வதில் உள்ள கஷ்டம் நமக்கும் தெரியும். படிப்படியாகச் செய்யலாம். முதலில், மீசை முளைக்காத பையனுக்கு எவர் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் கொடுப்பதில்லை. அடுத்து, சில்லறையாக விற்பதில்லை. பையன்கள் பழகுவது பாக்கெட்டில் அல்ல, ஒற்றைச் சிகரெட்டில்தான். அடுத்து, லைட்டர் கயிற்றை அறுத்துவிடுவது. கடைசியில் ஒரு நாள் அந்த அடுக்கில் கடலை மிட்டாயும் பிஸ்கட்டும் வைப்பது. அல்லாஹ் ஒரு வாசலை அடைத்தால் வேறொரு வாசலைத் திறப்பான் என்று நம்புகிறவர்கள்தானே நாம்!

தமிழகத்தில் குட்கா 2013 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது எல்லை தாண்டி வரும் வழிகளில் நம் மாவட்டமும் ஒன்று. லாரியில், காரில் மறைத்துக் கொண்டுவந்து பிடிபடுபவர்களில் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள். அதில் நம்மவர் ஒருவர் பெயர் வந்தாலும் அது நமக்குத் தலைகுனிவுதான். அந்தப் பணத்தில் ஹஜ்ஜுக்குப் போவதைவிடப் போகாமல் இருப்பதே மேல்.

வேலூர், குடியாத்தம், மேலப்பாளையம் வீடுகளில் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றும் நம் தாய்மாரை இந்தக் கணக்கில் சேர்த்துக் குற்றம் சொல்ல மாட்டோம். அவர்கள் அந்தத் தூசியைச் சுவாசித்துக் குடும்பத்தைக் காப்பவர்கள். அவர்கள் நலனுக்காக 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. அந்த நிதிக்காகப் பீடி மீது வசூலித்த செஸ் 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. அவர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுக்க வேண்டிய கடமை அரசுக்கும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழிலில் வளர்ந்த நம் சமுதாயச் செல்வந்தர்களுக்கும் உண்டு.

அரசின் இரட்டை நாக்கு

ஒரு பக்கம் பாக்கெட்டில் பயங்கரப் படம். மறுபக்கம், நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யின் பங்குகளில் சுமார் 15 விழுக்காடு யாரிடம் இருக்கிறது? மக்களின் ஆயுளுக்குக் காப்பீடு செய்யும் எல்.ஐ.சி.யிடம்! 1910இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் தொடங்கிய அந்தக் கம்பெனியில், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்கு இன்றும் பெரும்பங்கு இருக்கிறது. வெள்ளையர் போய்ப் பல தலைமுறை ஆகியும் நம் இளைஞர்களின் மூச்சிலிருந்து லண்டனுக்கு லாபப் பங்கு போய்க்கொண்டிருக்கிறது.

தமிழக அரசிடம் நாம் கேட்பது மூன்று. கர்நாடகத்தைப் போல வயது வரம்பை 21 ஆக்கி, சில்லறை விற்பனையைத் தடை செய்ய வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைகளில் புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் ஆலோசனையும் மருந்தும், மூன்று ஷிப்ட்டில் வேலை செய்யும் தொழிலாளிக்கு ஏற்ற நேரங்களில் கிடைக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல் கடைகளில் 100 கஜச் சட்டம் காகிதத்தில் இல்லாமல் தெருவில் இருக்க வேண்டும்.

ஜமாஅத்துகளுக்கு

முத்தவல்லிகளே, இமாம்களே! புகைப்பவரை விரட்டாதீர்கள். விட நினைப்பவருக்குத் துணையாக நில்லுங்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஏற்கெனவே விட்டவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் புதிதாக விடுபவரோடு இணைத்து விடுங்கள். முதல் மூன்று இரவுகள் இஷாவுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால் போதும். அந்த அரை மணி நேரம், மேடையில் நாம் பேசும் ஒரு மணி நேரத்தைவிடப் பெரிது என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறோம்.

கடைசியாக அந்தத் தம்பிக்கு: பகலில் உங்களால் முடிந்தது, ஏனென்றால் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அப்போது நீங்கள் மறக்கவில்லை. மஃரிபுக்குப் பிறகும் அவன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். இன்று மாலை, கடையின் பக்கம் கால் திரும்பும்போது இதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள், வீட்டுக்கு நடங்கள். மூன்றாம் நாள் இரவு வந்து எங்களிடம் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு டீ குடிப்போம், இன்ஷா அல்லாஹ்.